பதில் கேமராவுக்குப் பொன்னாடை கிடையாது

சங்கத்தின் புதிய பொறுப்பாளர்களுக்கு வாழ்த்து. உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை. நடந்தது என்னவென்று நமக்குள் மட்டும் பேசிக்கொள்வோம். பொதுக்குழுவுக்கு வராதவர்கள் தப்பித்தார்கள். வந்தவர்களில் செல்போனைப் பார்த்துக் குனிந்துகொண்டவர்களும் தப்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். என்னையும் இப்படிப் பிடித்துத்தான் செயலாளர் ஆக்கினார்கள். பிறகு ஸ்டுடியோவையே மருமகனிடம் கொடுத்துவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்க்கிற காலம் வரும்வரை விடவில்லை.

போட்டோ எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் ட்ரோன் விடுகிறீர்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கல்யாணத்துக்கு முன்பே குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் நனைத்துவிடுகிறீர்கள். எனக்குத் தெரிந்ததும் உங்களுக்கு இனிமேல் தெரிய வேண்டியதும் ஒன்றுதான்: சம்பளமில்லாமல் ஒருவரை வேலைக்கு வரவைப்பது எப்படி, வந்தவரை அடுத்த முறையும் வரவைப்பது எப்படி. இதில் நான் கரை கண்டவன் இல்லை. பாதி நேரம் தண்ணீர் குடித்தவன். அதனால் சொல்கிறேன்.

முதலில் பொன்னாடை. நம் ஊர் வெயிலைப் பற்றி நான் விளக்க வேண்டாம். பனியனே பாரமாக இருக்கிற ஊரில், உழைத்தவனுக்கு மரியாதை செய்ய நாம் கண்டுபிடித்த வழி சால்வை போர்த்துவது. என் வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைதான். ஒன்றை என் மனைவி மிக்சிக்கு உறையாகத் தைத்தாள். இன்னொன்று தையல் மெஷினை மூடியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேலை செய்ததற்காக எனக்குக் கிடைத்தது அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேடையில் உட்கார்ந்திருந்ததற்காகக் கிடைத்தவை. வேலை செய்தவர்கள் அந்த நேரம் கீழே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் தங்கமான மனிதர். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவார். யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் அதை மேடையேற்றி, மைக் பிடித்து, சால்வை போர்த்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கெட்டது நடந்தாலும் அப்படித்தான். மனசில் கள்ளம் கிடையாது. கள்ளமில்லாத மனிதர்களிடம் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தின் விதிப் புத்தகத்தில் தேடாதீர்கள், அதில் இருக்காது. முகூர்த்த நாளில் ஒரு கேமராக்காரனுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, வீட்டில் துக்கம் நேர்ந்தாலோ, அவன் ஒப்புக்கொண்ட கல்யாணத்துக்கு இன்னொருவன் போய் நிற்க வேண்டும். பதில் கேமரா என்போம். போகிறவன் தன் கடைப் பெயர் போட்ட பனியனைப் போடக் கூடாது. விசிட்டிங் கார்டை நீட்டக் கூடாது. எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்துப் பெருமையடிக்கக் கூடாது. மெமரி கார்டை அப்படியே உடையவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். கூலியும் கிடையாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு என்றால், நம் பிழைப்பே ஆல்பம் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. பதிலுக்குப் போனவன் அந்த வீட்டைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டால், படுத்துக் கிடக்கிறவன் சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரி. ஆகவே பதில் கேமரா போனவன் போனதே தெரியக் கூடாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சண்முகராஜ் என்று ஒரு தம்பி. கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் ஆளாக இருந்து தொழில் கற்று, நம் ஊரில் சொந்தக் கடை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் மனைவியின் கழுத்தில் இருந்ததெல்லாம் கேமராவும் லென்சுமாக மாறியிருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கரிவலம்வந்தநல்லூர் தாண்டி வரும்போது ரோட்டில் பரப்பியிருந்த வைக்கோலில் பைக் சறுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. மறுநாள் காலை குருவிகுளம் பக்கத்து ஊரில் அவனுக்கு ஒரு கல்யாணம்.

அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பார்த்து விதைக்கிறவர்கள், ஆள் பார்த்துத்தான் வேலை கொடுப்பார்கள். ஒரு வீட்டில் நல்ல பெயர் வாங்கினால் சுற்றியிருக்கிற ஊரெல்லாம் நம் கையில். கெட்ட பெயர் வாங்கினால் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏற முடியாது. சண்முகராஜுக்கு அந்தத் திசையில் அதுதான் முதல் கல்யாணம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, கை போனா போட்டும். காலையில அங்கன கேமரா நிக்கலைன்னா நான் இந்தத் தொழில்ல நிக்க முடியாது. திருப்பூருக்குத்தான் பஸ் ஏறணும்" என்றான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் உடனே ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'நாளை காலை சண்முகராஜுக்குப் பதில் கேமரா போக யாராவது முன்வரவும்' என்று போட்டேன். எத்தனை பாசம்! கும்பிடுகிற கை வந்தது, அழுகிற மூஞ்சி வந்தது, கட்டைவிரல் வரிசையாக வந்தது. ஒருவர் ரோஜாப்பூ வைத்துப் பிரார்த்தனை செய்தார். தலைவர், 'சங்கம் உன்னோடு' என்று எழுதித் தன் படம் போட்ட டிசைன் ஒன்றை அனுப்பினார். எல்லாம் வந்தது, ஆள்தான் வரவில்லை.

தம்பிமாரே, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் கூட்டம் பக்கத்து ஆளைப் பார்க்கும். அது மனித சுபாவம், திட்டிப் பிரயோஜனமில்லை. ஆள் வேண்டுமென்றால் ஓர் ஆளிடம் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். என்ன வேலை, எந்த இடம், எத்தனை மணிக்கு விடுவோம் என்று சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை ஆண்டு விழாவுக்கு 'விழாக் குழு' என்று வேலை சொல்லாமல் ஆள் சேர்த்தோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பட்டாளமே வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றது. குடிக்கத் தண்ணீர் எடுத்து வைக்க ஒருத்தரும் இல்லை.

நான் போனை எடுத்தேன். நாம் எப்போதும் யாரைக் கூப்பிடுவோம்? சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற நல்ல பிள்ளைகளை. ஆவணி முகூர்த்தம் என்பதால் நல்ல பிள்ளைகள் எல்லாருக்கும் கல்யாணம் இருந்தது. கடைசியில் மிஞ்சியது முப்பிடாதி.

முப்பிடாதி என் வயசுக்காரர். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருப்பவர். சங்கத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் முதல் ஆட்சேபணை அவருடையதுதான். வரவேற்புரைக்கே ஆட்சேபணை தெரிவித்த மனிதர். அதனால் நாங்கள் ஒரு வேலையையும் அவரிடம் கொடுத்ததில்லை. மறுநாள் அவருக்கு மாலை ரிசப்ஷன் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன்.

"வே முப்பிடாதி, நாளைக்குக் காலையில சும்மாதான இருக்கீரு?"

"நான் சும்மா இருக்கது சங்கத்துக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிதாக்கும்? விழாவுக்கு நோட்டீஸ் அடிச்சீரே, அப்ப தெரியலையோ? போன தடவ ஃப்ளெக்ஸ்ல எல்லாவன் மூஞ்சியும் இருக்கு. எம் மூஞ்சி மட்டும் என்ன அம்மியா ஆட்டுக்கல்லா?"

"ஏச்ச நாளைக்கு வச்சுக்கிடும்வே. சண்முகராஜுக்குக் கை ஒடிஞ்சிட்டு. காலையில குருவிகுளம் பக்கம் தாலிகட்டு. அந்தப் பொண்ணோட அப்பா கொஞ்சம் கடுவம்பூனையாம். உம்மள மாதிரி ஒரு ஆளு நின்னாத்தான் சமாளிக்க முடியும். மத்தியானம் பந்தி முடிஞ்சா நீரு வந்துரலாம்."

"முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்றார். சொன்னேன். "உம்ம சங்கத்துக்காகப் போகலவே. அந்தப் பயலுக்காகப் போறேன். அதையும் மினிட்ஸ்ல எழுதும்" என்று போனை வைத்தார்.

வீடியோவுக்கு இன்னோர் ஆள் வேண்டும். வளைகாப்பும் குழந்தைப் படங்களும் எடுக்கிற கோமதி நினைவுக்கு வந்தாள். இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும், வேலையில் சுத்தமான கை. ஆனால் அவள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கடை வைத்திருப்பவர்கள்தான் உறுப்பினராகலாம் என்று ஒரு விதி. அவளுக்குக் கடை கிடையாது, ஒரு ஸ்கூட்டிதான் உண்டு.

"நான் மெம்பரே இல்லையே அண்ணாச்சி?" என்றாள்.

"கை ஒடிஞ்சவன் மெம்பரும்மா. அது போதும்."

"அப்போ வாரேன். ஆனா கேமரா புடிக்கத்தான் வருவேன். போன தடவ ரத்ததான முகாமுக்கு வாலண்டியர்னு கூப்பிட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் நாற்காலி அடுக்க விட்டுட்டீங்க."

அடுக்க விட்டது உண்மை. படம் எடுக்கத் தெரிந்தவளை நாற்காலி அடுக்க விட்டுவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்று தலைவரும் நானும் டீக்கடையில் நின்று வருத்தப்பட்டிருக்கிறோம்.

மறுநாள் காலை எனக்கும் நம் ஊர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்கு அனுப்பியிருக்கிறார். அந்த நேரம் சட்டைப் பையில் போன் துடிக்கிறது. முப்பிடாதி. ஒரு கையால் கேமரா, ஒரு கையால் போன்.

"வே, பொண்ணோட அப்பா எங்கிட்ட வந்து நிக்காரு. 'சண்முகராஜ் நானே வாரேன்னு சத்தியம் பண்ணுனான், அவன் எங்க, நீங்க யாரு'ங்காரு. உண்மையச் சொல்லவா, பொய்யச் சொல்லவா? சீக்கிரம் சொல்லும், முறைக்காரு."

யோசிக்க நேரமில்லை. இங்கே தட்டு மணமேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பொய் சொன்னால், பாவம், கையில் கட்டோடு அவன் நாளைக்கு எதிரே வரும்போது பொய் பல்லை இளிக்கும். முழுக்கதையும் சொன்னால், 'என் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் ஆளா' என்று அவருக்கு மனசு விட்டுப்போகும். "கையப் பத்தி உண்மையச் சொல்லும். நாங்க அவன் ஆளுங்கன்னு சொல்லும், அதுவும் பொய் இல்ல. கேக்காததச் சொல்லாதீரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இங்கே தாலிகட்டை நான் விட்டுவிடவில்லை, பயப்படாதீர்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தது. கலைநயம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அங்கே நடந்ததைப் பிறகு கோமதிதான் சொன்னாள். முப்பிடாதி நான் சொன்னபடியே சொன்னாராம். பெண்ணின் அப்பாவின் முறைப்பு தணியவில்லையாம். முப்பிடாதி உடனே கேமராவைத் தூக்கி, "இந்தக் கல்யாணத்துல உங்கள இதுவரைக்கும் யாராவது தனியா ஒரு படம் எடுத்தாங்களா? அலைஞ்சிக்கிட்டே இருக்கீங்க. துண்டச் சரியாப் போட்டுட்டு இப்படி நில்லுங்க" என்று மண்டபத்துத் தூணோரம் நிறுத்தி, நிதானமாக ஒரு படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். படத்தைப் பார்த்தவர், அதற்குப் பிறகு இவர் எங்கே நின்றாலும் கூட்டத்தை விலக்கி வழி பண்ணிக் கொடுத்தாராம். சங்கத்துக் கூட்டங்களில் கத்துகிற அதே மனுஷன்தான். நாங்கள்தான் அவரை ஒரு தூணோரமாக நிறுத்திப் பார்த்ததில்லை.

கோமதி மணப்பெண் அறைக்குள் இருந்ததால், வேறு எவனும் எடுக்க முடியாத படமெல்லாம் கிடைத்தது. கல்யாணப் பெண்ணின் தங்கை இவளோடு ஒட்டிக்கொண்டாள். "அக்கா, எனக்கும் பேசி முடிச்சாச்சு. என் நிச்சயத்துக்கும் நீங்கதான் வரணும், நம்பர் குடுங்க" என்றாளாம். கோமதி, "சண்முகராஜ் அண்ணன் கடையில சொல்லுங்க, நான் வந்துருவேன்" என்றிருக்கிறாள். முப்பிடாதியிடமும் அப்பா நம்பர் கேட்டிருக்கிறார். அவரும் சண்முகராஜின் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார். கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், வாய்க்கு வந்த சோற்றை இன்னொருவன் வாய்க்குத் திருப்பிவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று.

தலைவருக்கு விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பேரையும் நம்ம சங்கத்துக் குடும்ப விழாவுல மேடையேத்திப் பொன்னாடை போத்திருவோம். ஃப்ளெக்ஸ்ல படம் போடுவோம்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இந்த வேலைக்கு ஊரறிய நன்றி சொன்னா, செஞ்ச வேலையே கெட்டுப்போவும்" என்றேன். அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். அதை நான் மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் குடும்ப விழா. அன்று காலை சண்முகராஜிடமிருந்து போன். குரலே சரியில்லை. "அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க ஒரு ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்களாமே, பாத்தீங்களா? குருவிகுளத்துக்காரரு சின்ன மகளோட நிச்சயத்துக்குப் பேசி முடிக்க இன்னைக்கு என் கடைக்கு வாராரு. பஸ் ஏறிட்டேன்னு இப்பத்தான் போன் பண்ணுனாரு. அவரு எறங்கி நிமிந்தா அதுலதான் முழிப்பாரு."

ஓடினேன். என் முட்டிக்கு அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். எதிரே ஆளுயரத்துக்கு மேல் நின்றது ஃப்ளெக்ஸ். மேலே தலைவர், கைகூப்பியபடி, மற்றவர்களைவிட நாலு மடங்கு பெரிதாக. நடுவில் ஒரு வட்டத்துக்குள் சண்முகராஜின் பாஸ்போர்ட் படம். அதற்குக் கீழே, 'கை ஒடிந்த சகோதரனுக்குப் பதிலாகக் குருவிகுளம் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்த தியாகச் செல்வங்களே, வருக!' அதற்கும் கீழே முப்பிடாதி, கோமதி படங்கள். முப்பிடாதியின் கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில். ஒளித்து வைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணாச்சி, சண்முகராஜ் தவறிட்டானா? முந்தாநேத்துகூட இடது கையால கிளாசப் புடிச்சு டீ குடிச்சானே. நல்ல பையன்."

வட்டத்துக்குள் படம் போட்டால் நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமில்லை. தலைவருக்குப் போன் போட்டேன்.

"அதக் கழட்டணும் அண்ணாச்சி, இப்பவே."

"விழா அன்னைக்கே கழட்டச் சொல்லுதியே! அதுல என் படமும் இருக்குல்லா?"

"அதான் பெருசா இருக்கே, தெரியாம இருக்குமா? அந்தப் பையன் பொழப்பு போயிரும் அண்ணாச்சி."

"ஊருக்கு நல்லது தெரியட்டும்யா. விழா முடியட்டும், பாப்போம்" என்றார். ஃப்ளெக்ஸ் கட்டியவர்களின் போன் அணைத்துக் கிடந்தது. இரவெல்லாம் கட்டியவர்கள் காலையில் தூங்கத்தானே செய்வார்கள்.

செயலாளர் என்ற முறையில் நானே கழற்றியிருக்கலாம். ஆனால் அதில் இருப்பது இரண்டு பேரின் முகம். சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்குச் சங்கம் முதல்முறையாகச் செய்த மரியாதை. அது எவ்வளவு அசட்டு மரியாதையாக இருந்தாலும், அவர்களைக் கேட்காமல் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. அவசரத்திலும் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிடுங்கள். கோமதியைக் கூப்பிட்டேன். "கழட்டிருங்க அண்ணாச்சி, அந்தப் படத்துல எனக்கு மீசை இருக்க மாதிரி நிழல் விழுந்திருக்கு" என்றாள். அடுத்து முப்பிடாதி. இதுவரை தன் படம் வரவில்லை என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டேன். வாரேன் என்றார்.

வந்தார். பழைய டி.வி.எஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் படத்த நீளவாக்குல இழுத்துட்டான்வே. மூஞ்சி வெண்டைக்கா மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரி இன்னும் பாக்கல. சாயங்காலம் கூட்டிட்டு வரணும்னு இருந்தேன்" என்றார். அவர் பூக்கடையில் ஏணி கேட்டு வாங்கினார். ஆல்பம் வெட்டுகிற பிளேடைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். முதலில் மேலே தலைவரின் தலைப்பக்கத்துக் கயிற்றை அறுத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஃப்ளெக்ஸ் சுருண்டு விழுந்து, அவர் கடைசிக் கட்டை அறுத்துக்கொண்டிருந்த நேரம், குருவிகுளம் பஸ் வந்து நின்றது. பெண்ணின் அப்பா துண்டை உதறிக்கொண்டு இறங்கினார். நேரே ஏணியைத்தான் பார்த்தார்.

"ஏப்பா, நீ எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கேமராக்காரன்லா? இங்கன என்ன செய்யுத?"

முப்பிடாதி ஏணியில் நின்றபடியே கும்பிட்டார். "கும்பிடுதேன் மொதலாளி. கடையில கை ஒடிஞ்ச மனுஷன வச்சுக்கிட்டு எல்லா வேலையும் நாந்தான் பாக்கணும். கேமராவும் நாந்தான், ஃப்ளெக்ஸ் அவுக்கதும் நாந்தான். போங்க, கடையில சண்முகராஜ் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு."

தன் பெயரில் கடை வைத்து, இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிற மனுஷன் இப்படிச் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "நல்ல ஆளா வாய்ச்சிருக்க அவனுக்கு. சம்பளம் ஒழுங்காக் குடுக்கானா?"

"சங்கத்துக்கு உழைச்சதுக்குக் கெடச்சதப் பாத்தா அவரு குடுக்கது எவ்வளவோ மேல்" என்றார் முப்பிடாதி, என்னைப் பார்த்துக்கொண்டே. பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டுக் கடைக்குப் போனார். அன்று மத்தியானத்துக்குள் நிச்சயம், கல்யாணம் இரண்டும் சண்முகராஜுக்கே பேசி முடிந்துவிட்டது.

ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்த முப்பிடாதியிடம் கேட்டேன்: "வே, மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். உமக்கு நாங்க என்ன செய்யணும்? வாயத் தொறந்து சொல்லும்."

ஒருவருக்கு என்ன வேண்டுமென்று அவரிடமே கேட்க எனக்கு அத்தனை வருஷம் பிடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பேச எந்திரிச்சதும் நீங்க எல்லாரும் டீ குடிக்க வெளிய போயிருதிய. தலைவர்ல இருந்து எல்லாரும். நானும் காலி நாற்காலியப் பாத்துப் பேசிட்டு உக்காந்துருதேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் பேசி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருங்க. அது போதும்."

போதும் என்றுதான் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோமதியிடமும் கேட்டேன். "பொன்னாடை போத்துனா எங்கம்மா டி.வி.க்கு மேல போட்டுருவாங்க அண்ணாச்சி. அடுத்த தடவ இதவிடப் பெரிய வேலைக்குக் கூப்பிடுங்க. மெம்பராச் சேத்துட்டுக் கூப்பிடுங்க" என்றாள். கடை இருந்தால்தான் உறுப்பினர் என்ற விதியை அடுத்த பொதுக்குழுவிலேயே எடுத்துவிட்டோம். ஆட்சேபணை சொல்ல வேண்டியவர்தான் அதை முன்மொழிந்தார் என்பதால் வேலை சுலபமாக முடிந்தது.

அதே பொதுக்குழுவில் முப்பிடாதி பேச எழுந்தார். வழக்கம்போல நாலைந்து பேர் நாற்காலியைத் தள்ளினார்கள். நான் வாசலுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முட்டிவலி என்றேன். போனவர்கள் முனகிக்கொண்டே திரும்பிப்போய் உட்கார்ந்தார்கள்.

முப்பிடாதி நின்றார். இத்தனை முகங்கள் தன்னைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. தண்ணீர் குடித்தார். மடித்து வைத்திருந்த ஆட்சேபணைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார், திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

"சண்முகராஜுக்குக் கை இன்னும் சேரல. கார்த்திகை முகூர்த்தத்துல அவனுக்கு ஒரு கல்யாணம் இருக்கு. அன்னைக்கு எனக்கும் கோமதிக்கும் வேற வேல. யாரு போறிய?" என்றார். கேட்டுவிட்டு உட்காரவில்லை. ஒவ்வொரு முகமாக, படம் எடுக்கும்போது பார்ப்பாரே அப்படி, நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். குனிந்தவர்களை விட்டு நகரவில்லை, நிமிரும்வரை காத்திருந்தார். கடையநல்லூர் ரோட்டில் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி, கேமராவுக்கு நான் போறேன் என்றான். இன்னொருவன் வீடியோ என்றான். பார்வை மேடைக்குப் போனது. தலைவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். அவர் கேமராவைத் தொட்டு எத்தனை காலம் ஆகிறதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"லைட்டு புடிக்கட்டுமாய்யா?" என்றார்.

பிடித்தார். விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை, சண்முகராஜ் கடைப் பெயர் போட்ட பனியனோடு, வியர்க்க விறுவிறுக்க. அன்றைக்கு லைட் பிடித்தவர் எங்கள் சங்கத் தலைவர் என்று அந்தக் கல்யாண வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.